பைகளுக்குக் காவல்

நியூஜெர்சியில், எடிசனில் என் நண்பரின் மகன் வீட்டில் ஒரு விருந்து. பிரியாணி முடிந்து எல்லோரும் டீயோடு உட்கார்ந்திருந்தோம். அந்த வீட்டுப் பையனும் அவன் மனைவியும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கோடையில் கிராண்ட் கேன்யன் போகத் திட்டம் போட்டிருந்தார்கள். அந்தப் பெண் என் மனைவியிடம், "ஆன்ட்டி, நீங்கதான் எல்லா இடமும் போயிருக்கீங்களே. அங்க எதை மிஸ் பண்ணாம பாக்கணும்?" என்று கேட்டாள்.

என் மனைவி கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "பார்க்கிங் லாட்ல நுழைஞ்சதும் வலது பக்கமா கடைசி வரைக்கும் போயிடும்மா. அங்கதான் மரம் இருக்கு, மத்தியானம் வரைக்கும் நிழல் நிக்கும். ரெஸ்ட்ரூமும் கிட்ட. பெஞ்சு இருக்கும், சாப்பாடு பரத்தி வைக்க வசதி. காக்கா மாதிரி ஒரு பறவை வரும். ரொட்டிய மட்டும் திறந்து வைக்காதே."

எல்லோரும் சிரித்தார்கள். ஆன்ட்டி வேடிக்கையாகப் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். நானும் சிரித்தேன். அப்படியானால் நயாகரா எப்படி என்று இன்னொருவர் கேட்டார். வண்டி நிறுத்தும் இடம் வரைக்கும் சாரல் வரும், பிள்ளைகளின் துணி காயாது, ஆனால் சத்தம் நன்றாகக் கேட்கும் என்றாள். மறுபடியும் சிரிப்பு. அவள் மட்டும் சிரிக்கவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்லி முடித்தவளாக டீயைக் குடித்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் வீடு இருக்கும் மான்மவுத் ஜங்ஷனுக்குத் திரும்பும் வழியில் கேட்டேன். "ஏன் அப்படிச் சொன்னே? அந்தப் பொண்ணு பள்ளத்தாக்கைப் பத்தில்ல கேட்டுச்சு."

"எனக்குத் தெரிஞ்சதத்தானே சொல்ல முடியும்," என்றாள். "நான் பாத்தது அதானே."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பதிலுக்கு நானும் இரண்டு வார்த்தை சொல்லி வீடு வந்து சேர்ந்திருப்பேன். இது அப்படி முடியவில்லை. சிக்னலில் பச்சை விழுந்தும் நிற்கிறேன் என்று பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்தான்.

எங்களைப் போன்றவர்கள் அந்த நாட்களில் அமெரிக்காவைச் சுற்றிப் பார்த்த முறையைச் சொன்னால்தான் இது விளங்கும். ஹைவேயில் ஹலால் உணவு கிடைக்காது. ஆகவே இரண்டு நாள் சமையல் கூலரில் ஏறும். பிரியாணி, தால்ச்சா, பிள்ளைகளுக்கு இட்லி, சூடு பண்ண ஒரு சின்ன கேஸ் அடுப்பு. பூட்டிய வீட்டில் நகையை விட்டுப் போகப் பயம் என்பதால் அவளுடைய நகைகள் முழுவதும் ஒரு பருப்பு டப்பாவுக்குள் போய், அந்த டப்பா ஒரு பைக்குள் போய், அந்தப் பையும் எங்களோடு வரும். பாஸ்போர்ட்டுகள், கிரீன் கார்டுகள், பிள்ளைகளின் மருந்து எல்லாம் அதே பையில். வாழ்க்கையில் எது எது போனால் அழ வேண்டியிருக்குமோ அதையெல்லாம் ஒரே பையில் போட்டுக்கொண்டு ஊர் பார்க்கப் போவோம். அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு மலை ஏறவும் முடியாது, வண்டியில் விட்டுவிட்டுப் போகவும் மனம் வராது. அதனால் ஒருவர் வண்டியோடு இருந்தாக வேண்டும்.

அந்த ஒருவர் யார் என்று நாங்கள் ஒருநாளும் பேசி முடிவு செய்ததில்லை. கைக்குழந்தை தூங்குகிறதே என்று முதல் முறை அவள் இருந்தாள். குழந்தை வளர்ந்து ஓட ஆரம்பித்த பிறகும் அவளே இருந்தாள். நான் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருவேன். நான் பாலங்கள் வடிவமைக்கும் பொறியாளன். எதையும் திட்டத்தோடு செய்து பழகியவன். ஒரு நாளில் எத்தனை இடத்தை 'கவர்' பண்ணினோம் என்பதுதான் எனக்குக் கணக்கு. நாங்கள் வருவதற்குள் அவள் சோற்றைச் சூடு பண்ணி, தட்டு எடுத்து வைத்திருப்பாள். சாப்பிட்டுக்கொண்டே அவளிடம் ஒரு வாக்கியம் சொல்வேன். எந்த மலை, எந்த அருவி, எந்த ஏரியாக இருந்தாலும் அதே வாக்கியம்தான்.

"பெருசா ஒண்ணும் இல்ல. நீ ஒண்ணும் மிஸ் பண்ணல."

அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னதாகத்தான் இத்தனை காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது எனக்காகச் சொன்னது. அதைச் சொல்லிவிட்டால் சோறு தொண்டையில் சிக்காது.

ஒரே ஒரு முறை அவள் கேட்டாள். கிராண்ட் கேன்யனில்தான். நாங்கள் விளிம்பிலிருந்து திரும்பி வந்தபோது பிள்ளைகள் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் கையைத் துடைத்துக்கொண்டு, "நான் ஓடிப் போய் ஒரு எட்டு பாத்துட்டு வந்துடவா?" என்றாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். மோட்டல் தூரம், இருட்டிவிடும், நாளைக்கு நேரம் இருந்தால் வரலாம் என்றேன். நாளைக்கு நாங்கள் வேறு ஊரில் இருப்போம் என்பது எனக்குத் தெரியும். திட்டம் போட்டதே நான்தான். அவளுக்கும் தெரிந்திருக்கும். சரி என்று சொல்லிவிட்டுத் தட்டுகளை அடுக்கினாள். இதில் நான் கூட்டியோ குறைத்தோ எழுதவில்லை.

விருந்து முடிந்த மறுநாள் டெக்சாஸில், பேர்லேண்டில் இருக்கும் மகளைக் கூப்பிட்டேன். எங்கள் திருமண நாளுக்காக அவள் முன்பே எங்களுக்கு ஒரு கப்பல் பயணம் ஏற்பாடு செய்திருந்தாள். கிரேக்கத் தீவுகள். சாண்டோரினியில் அரை நாள் நிற்கும். எல்லோரையும் ஏற்றிப்போகும் பஸ் வேண்டாம், முட்டி மாற்று ஆபரேஷனுக்குப் பிறகு அம்மாவால் மற்றவர்கள் வேகத்துக்கு ஓட முடியாது, வேறு ஏதாவது பார் என்றேன். விருந்தில் நடந்ததையும் சொன்னேன்.

"பிரைவேட் டூர் புக் பண்றேன் அத்தா. ஹாஃப் டே. கார் உங்க ரெண்டு பேருக்கு மட்டும்தான். அம்மா எங்க நிக்கச் சொல்லுதோ அங்க நிக்கும்," என்றாள். பிறகு, "ஆனா அங்கயும் அம்மாவ வண்டில உக்கார வெச்சிட்டு நீங்க மட்டும் பாத்துட்டு வந்தீங்கன்னா, என்கிட்ட போட்டோ காட்டாதீங்க. எனக்கு வேணாம்," என்றாள்.

கிராண்ட் கேன்யனின் விளிம்பில் என் விரலைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண் அவள். அவளுக்கும் நினைவிருந்திருக்கிறது.

அந்தத் தீவில் என் மனைவி வண்டியைவிட்டு இறங்கி ஓர் இடத்தையாவது தன் கண்ணால் பார்க்க வேண்டும். எனக்கு இருந்த வேலை அது ஒன்றுதான். பாலத்தைவிடச் சுலபமான வேலை என்று நினைத்தேன்.

கப்பல் தீவுக்கு எதிரே கடலில் நின்றது. சின்னப் படகில் கரைக்குப் போய், அங்கிருந்து கம்பியில் தொங்கும் வண்டியில் செங்குத்தான பாறைக்கு மேலே ஏறினோம். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மடியில் கறுப்புத் தோள்பை. கப்பல் அறையில் ஒரு பெட்டகம் இருக்கிறது, பாஸ்போர்ட்டை அதில் வைக்கலாம் என்று சொல்லிப் பார்த்திருந்தேன். "பெட்டகத்துக்குச் சாவி அவங்ககிட்டயும் இருக்கும்ல?" என்று கேட்டுவிட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். எங்கள் அமெரிக்க பாஸ்போர்ட்டுகள், இருவருடைய மாத்திரைகள், தொழுகை விரிப்பு, குடை, முறுக்கு, ஒரு பாட்டில் தக்காளித் தொக்கு, எல்லாவற்றுக்கும் அடியில் பருப்பு டப்பாவில் அவளுடைய தங்க வளையல்கள். டப்பா மாறியிருந்தது, முறை மாறவில்லை.

மேலே எங்களுக்காக ஒரு பெண் காத்திருந்தார். ஐம்பது வயதிருக்கும், வெட்டிய நரைமுடி, அந்தத் தீவிலேயே பிறந்தவர். அவரே ஓட்டுநர், அவரே வழிகாட்டி. என் மனைவியின் பச்சை முக்காட்டைப் பார்த்ததும், இன்று காற்று பலம், ஊசி இருந்தால் குத்திக்கொள்ளுங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னார். முதல் வார்த்தையிலேயே என் மனைவிக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. பல வருடங்கள் வீட்டில் டே கேர் நடத்தியவள் அவள். யாரோடும் அவளால் பேச முடியும். வண்டி கிளம்பிக் கொஞ்ச தூரம் போவதற்குள் அந்தப் பெண்ணுக்கு எத்தனை பிள்ளைகள், மாமியார் எப்படி, அந்த வீட்டில் மீன் எப்படிச் சமைப்பார்கள் எல்லாம் தெரிந்துகொண்டாள்.

முதலில் நின்றது நீலக் கூரை தேவாலயங்கள் இருக்கும் வெள்ளை ஊர். காலண்டர்களில் எல்லோரும் பார்த்த இடம்தான். வண்டி நின்றதும் அவள் கூட்டத்தைப் பார்த்தாள். பிறகு, நான் பயந்தது போலவே, "நீங்க போயிட்டு வாங்க. நான் பையப் பாத்துக்கறேன்," என்றாள்.

வண்டியைப் பூட்டலாம், பயமில்லை என்று வழிகாட்டி சொன்னார். "கண்ணாடிய உடைச்சா?" என்று என் மனைவி என்னிடம் தமிழில் கேட்டாள். கூட்டத்தில் இடித்தால் முட்டி தாங்காது என்றாள். நான் இரண்டு முறை வற்புறுத்தினேன். மூன்றாவது முறை வற்புறுத்தவில்லை. இறங்கிப் போனேன்.

இதைத்தான் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பழையதெல்லாம் இளமையில் நடந்தது, தெரியாமல் செய்தது என்று சொல்லித் தப்பிக்கலாம். இது எல்லாம் தெரிந்த பிறகு, மகள் அவ்வளவு சொன்ன பிறகு, இந்த வயதில் செய்தது. கால் தானாகப் போயிற்று. சந்து சந்தாகப் போய்க் கூரைகளைப் பார்த்தேன். கீழே கடல் அவ்வளவு ஆழத்தில் அவ்வளவு நீலமாக இருந்தது. ஒரு கல்யாண ஜோடி படம் எடுத்துக்கொள்ள என்னை ஒதுங்கச் சொன்னது. ஒதுங்கினேன். திரும்பி வந்து வண்டிக் கதவைத் திறந்தேன். அவள் எனக்காகக் காகிதத்தில் முறுக்கு எடுத்து வைத்திருந்தாள். எப்படி இருந்தது என்று கேட்டாள்.

"பெருசா ஒண்ணும்..." என்று ஆரம்பித்துவிட்டேன். அதற்கு மேல் வரவில்லை.

"நான் ஒண்ணும் மிஸ் பண்ணல. அதானே?" என்று அவளே முடித்தாள். "முறுக்கு சாப்பிடுங்க. தண்ணி குடிச்சீங்களா?"

வண்டி கிளம்பியது. முறுக்கைக் கையிலேயே வைத்திருந்தேன். வழிகாட்டி கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்தார். தமிழ் தெரியாவிட்டாலும் நாற்பது வருடக் கல்யாணம் எந்த மொழியிலும் கேட்கும் போலிருக்கிறது. கப்பலுக்குத் திரும்ப வேண்டிய நேரத்தைப் பார்த்தால் இன்னும் ஓர் இடம்தான் போக முடியும் என்றார். தெற்கு முனையில் கலங்கரை விளக்கம் இருக்கிறது, வண்டி கிட்டே வரை போகும், ஆனால் அங்கே ஒரு பக்கத்துக் கடல்தான். நடுத்தீவில் குன்றின்மேல் பிர்கோஸ் என்று ஒரு பழைய ஊர், உச்சியில் இடிந்த கோட்டை. ஏற வேண்டும், ஆனால் கூட்டம் இருக்காது, உச்சியில் நின்றால் தீவு முழுவதும் நாலு பக்கத்துக் கடலோடு தெரியும். எது வேண்டும் என்று கேட்டார்.

என்னைத்தான் கேட்டார். நான் என் மனைவியைக் கேட்டேன். அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே, "நாலு பக்கமுமா?" என்றாள்.

குன்றின் அடியில் ஊர்ச் சதுக்கத்தை ஒட்டி வண்டி நிறுத்தும் இடம் இருந்தது. அவள் வழக்கப்படி நிழலைத் தேடினாள். அதற்குள் நான் அவள் மடியிலிருந்த பையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

"இந்தத் தடவ நான் பாத்துக்கறேன். நீ போயிட்டு வா."

அவள் என்னைப் பார்த்தாள். "ஏன், நீங்களும் வரலாமே?"

"வந்தா நான் முன்னாடி நடப்பேன். வாட்சைப் பார்ப்பேன். இது என்ன, அது என்னன்னு விளக்கம் சொல்லுவேன். உன்னைப் பாக்க விடமாட்டேன்."

இதை அவள் மறுக்கவில்லை. "உங்களால உக்கார முடியாது. கொஞ்ச நேரத்துல இறங்கி நடக்க ஆரம்பிச்சிடுவீங்க. பை கிடக்கும்," என்றாள்.

"இறங்கமாட்டேன்."

"மாத்திரை நேரம் வந்தா சாப்பிட்டுட்டுதான் போடணும்."

"போட்டுக்கறேன்."

வழிகாட்டி கதவைத் திறந்து கையை நீட்டினார். என் மனைவி அந்தக் கையைப் பிடித்து இறங்கினாள். மாற்றிய முட்டியை ஒரு முறை மடக்கி நீட்டிப் பார்த்தாள். போகும்போது பையைப் பார்த்தாளே தவிர என்னைப் பார்க்கவில்லை. இரண்டு பெண்களும் வெள்ளைச் சுவர்களுக்கு நடுவே ஒரு படிக்கட்டில் திரும்பி மறைந்தார்கள்.

நான் முதன்முதலாக ஒரு பார்க்கிங் லாட்டைப் பார்த்தேன்.

வெயில் நகர நகர வண்டி சூடேறியது. கதவைத் திறந்து வைத்தேன். காற்று புழுதியைக் கொண்டுவந்து போட்டது. பூனை ஒன்று வந்து பையை முகர்ந்து, தொக்கு பிடிக்காமல் போயிற்று. சதுக்கத்தில் ஆட்கள் வந்தார்கள், மேலே போனார்கள், முகம் மலர்ந்து திரும்பி வந்தார்கள், வண்டி ஏறினார்கள். யாரும் என்னைப் பார்க்கவில்லை. வண்டியோடு உட்கார்ந்திருப்பவன் வண்டியின் ஒரு பாகம். பக்கத்தில் நின்ற வேனில் ஒரு கொரிய மூதாட்டி, அல்லது சீனராக இருக்கலாம், நாலைந்து பைகளுக்கு நடுவே அமர்ந்திருந்தார். என்னைப் பார்த்தார், என் மடியைப் பார்த்தார், தலையசைத்தார். நானும் அசைத்தேன். திறந்த கதவு வழியாகக் கையை நீட்டி முறுக்கு கொடுத்தேன், மற்றக் கையால் பையைப் பிடித்துக்கொண்டு. அவர் ஒரு ஆரஞ்சு கொடுத்தார். எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு வார்த்தைகூடத் தெரியாது. தேவைப்படவும் இல்லை.

அதன் பிறகு பயம் வந்தது. அவளைக் கூப்பிட்டுப் பார்க்கலாம் என்று போனை எடுத்தால், மடியிலிருந்த பைக்குள் அவளுடைய போன் அடித்தது. படிகள் சரிவாக இருக்குமே, அவள் செருப்பு எந்தச் செருப்பு, காற்று தள்ளினால் என்ன ஆகும் என்று நினைத்தேன். மேலே போய்ப் பார்க்கலாமா என்று ஒரு காலை வெளியே வைத்தேன். இறங்கமாட்டேன் என்று சொன்னது நினைவுக்கு வந்து காலை உள்ளே எடுத்துக்கொண்டேன். நாங்கள் மலைகளில் சுற்றியபோது, இரண்டு சின்னப் பிள்ளைகளோடு அருவிப் பாறைகளில் ஏறியபோது, போன்கூட இல்லாத அந்த நாட்களில், இவள் இப்படித்தான் இருந்திருப்பாள். இதை நான் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. வேடிக்கை பார்க்கக் கிடைக்கவில்லை என்பது பாதிதான். நாங்கள் முழுசாகத் திரும்பி வருவோமா என்று ஒவ்வொரு முறையும் சோற்றைச் சூடு பண்ணிக்கொண்டே காத்திருந்திருக்கிறாள்.

அப்போது மேலே பச்சை தெரிந்தது.

வீடுகளுக்கு எல்லாம் மேலே, இடிந்த சுவர் ஒன்றின் அருகில், காற்றில் அடித்துக்கொள்ளும் ஒரு துளி பச்சை. அவளேதான். உச்சியிலேயே நின்றாள். நான் வண்டியைவிட்டு இறங்கி, பையோடுதான், சதுக்கத்தின் நடுவில் போய் நின்று இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். அவள் பார்க்கவில்லை. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அந்தப் பக்கத்துக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் நகர்ந்தாள், அடுத்த பக்கத்தைப் பார்த்தாள். மறுபடி நகர்ந்தாள். ஒவ்வொரு பக்கமாக, அவசரமே இல்லாமல், கடைக்காரன் விரித்துக் காட்டும் புடவைகளைப் பார்ப்பது போல நிதானமாகப் பார்த்தாள். என் பக்கம் வந்தபோதும் கீழே பார்க்கவில்லை. என் தலைக்கு மேல் தூரத்தில் எதையோ பார்த்தாள். நான் இருக்கிறேனா, சாப்பிட்டேனா, பை இருக்கிறதா என்ற கவலை எதுவும் அவளுக்கு அப்போது இல்லை.

என் வாழ்க்கையில் நான் கட்டிய பாலங்கள் திறக்கப்பட்ட நாட்களில் நின்று பார்த்திருக்கிறேன். அந்தப் பெருமை இதற்குப் பக்கத்தில் வராது. கொரிய மூதாட்டி வேனிலிருந்து எட்டிப் பார்த்தார். நான் மேலே கையைக் காட்டினேன். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுக் கட்டைவிரலை உயர்த்தினார்.

அவள் இறங்கி வர நேரமாயிற்று. கப்பல் நேரத்தை நினைத்தேன். கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டேன். கடைசியில் இருவரும் கை கோத்துக்கொண்டு சிரித்தபடி வந்தார்கள். முக்காடு கழுத்தில் கிடந்தது, ஊசி எங்கேயோ போயிருந்தது. முகம் வெயிலில் சிவந்து, மூச்சு வாங்கி, பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயம் ஜெயித்து வந்த பெண்ணைப் போல இருந்தாள். வழியில் ஒரு இடத்தில் நிறுத்தித் திரும்பிவிடலாமா என்று தான் கேட்டதாகவும், என் மனைவி தன்னைப் பார்த்து முதலில் நீ நட என்று சொன்னதாகவும் வழிகாட்டி என்னிடம் புகார் சொன்னார்.

அவள் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். நான் காகிதத்தில் எடுத்து வைத்திருந்த ஆரஞ்சுச் சுளைகளைக் கொடுத்தேன். எப்படி இருந்தது என்று கேட்டேன்.

ஒரு சுளையை வாயில் போட்டு மென்று விழுங்கினாள். "பெருசா ஒண்ணும் இல்ல," என்றாள். "நீங்க ஒண்ணும் மிஸ் பண்ணல."

அந்த அடியை வாங்கிக்கொண்டேன். வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். அவள் என்னை அதிக நேரம் அப்படி வைத்திருக்கவில்லை. வண்டி திரும்பியதும் சிரித்துவிட்டாள். "பொய்," என்றாள். "அல்லாஹ்வே, எவ்வளவு பெரிய பொய் அது. நீங்க எப்படிங்க இத்தன வருஷமா சொன்னீங்க?"

பிறகு சொல்ல ஆரம்பித்தாள். வழி முழுவதும் சொன்னாள். ஒரு பக்கம் கடல் அமைதியாகத் தட்டு மாதிரி கிடக்கிறதாம், மறுபக்கம் அலையாம், ஒரே தீவுக்கு இரண்டு கடலாம். எங்கள் கப்பல் சோப்புக் கட்டி அளவுக்குத் தெரிந்ததாம். விமானம் இறங்குவதை மேலிருந்து கீழே பார்த்தாளாம், வாழ்நாளில் விமானத்தின் முதுகைப் பார்த்தது அன்றுதானாம். சுவரைப் பிடித்துக்கொண்டு மகளுக்கும் மகனுக்கும் துஆ கேட்டாளாம். எனக்கும் கேட்டாளாம், ஆனால் கடைசியாக. நான் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் கல்யாண வாழ்க்கையில் இது நடந்ததில்லை.

கடைசிப் படகுக்கு முந்திய படகைப் பிடித்தோம். விடைபெறும்போது அந்தப் பெண் என் மனைவியை இறுகக் கட்டிக்கொண்டார். எனக்குக் கை கொடுத்தார்.

மாலையில் கப்பல் கிளம்பும்போது எல்லோரும் மேல்தளத்தில் கூடித் தீவைப் பார்த்தார்கள். அவளைக் காணவில்லையே, அறையில் பையோடு உட்கார்ந்துவிட்டாளோ என்று தேடினேன். கம்பியை ஒட்டி, முன்வரிசையில், இரண்டு பேரை விலக்கிக்கொண்டு இடம்பிடித்து நின்றாள். தோளில் ஒன்றும் இல்லை.

"பை?"

"ரூம்ல கெடக்கு."

"பெட்டகத்துல வெச்சியா?"

"இல்ல. கட்டில் மேல."

"பாஸ்போர்ட்?"

"அதுலதான் இருக்கு. எடுக்கறவன் எடுத்துட்டுப் போகட்டும். நம்ம நாட்டுக்காரங்க வேற குடுப்பாங்க. நீங்க அங்க பாருங்க," என்று கையை நீட்டினாள். கையில் வளையல்கள் எல்லாவற்றையும் போட்டிருந்தாள். பருப்பு டப்பாவிலேயே அமெரிக்கா முழுவதும் சுற்றிய வளையல்கள். அவை ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போட, தீவின் நடுவில் எங்கோ ஓர் உச்சியைக் காட்டினாள். "அதோ, அந்த வெள்ளைக்கு மேல, பழுப்பா ஒரு சுவர். அங்கதான் நின்னேன். தெரியுதா?"

எனக்குக் கண்ணில் புரை. பழுப்பாக ஒரு மலையும், அதன்மேல் சிந்திய உப்பு மாதிரி கொஞ்சம் வெள்ளையும்தான் தெரிந்தன.

"தெரியுது," என்றேன். "பெருசா தெரியுது."

இதுவும் பொய்தான். இந்த ஒன்றுக்கு மட்டும் நான் வருந்தவில்லை.